எல்லாம் அழித்த பிறகும்

ஏனாத்தூரில் எம்.சி.ஏ. கடைசி வருடம். நானும் சின்ன காஞ்சிபுரத்து நண்பன் ஒருவனும் சேர்ந்து செய்த புராஜெக்ட், ஓப்பன் சோர்ஸாகக் கிடைத்த ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது புரோகிராம்களை ஓட்டித்தரும் ஒரு சாஃப்ட்வேரில், ஓட வேண்டும். ஓடித் தொலைத்தால்தானே! தொடங்கியதுமே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரு வரி காட்டிவிட்டுச் செத்துப்போகும்.

அந்த விர்ச்சுவல் மெஷினை எழுதிய வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் புரோகிராமை மெயிலில் அனுப்பினோம். 'எனக்கு நன்றாக ஓடுகிறது' என்று பதில் போட்டார் புண்ணியவான். எங்கள் பேராசிரியர் அதையே பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு ஓடுதுன்னா நீங்கதான்பா எதையோ கெடுத்து வெச்சிருக்கீங்க. தப்பு அந்த மெஷின்லதான்னா திங்கட்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லன்னா அடுத்த செமஸ்டர் வேற புராஜெக்ட்."

அப்படியானால் அரை வருடம் போச்சு. விர்ச்சுவல் மெஷினின் சி கோடைப் படித்தேன். எது எதற்கு என்று விளக்க மருந்துக்குக்கூட ஒரு கமெண்ட் கிடையாது. எழுதியவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எதுவரை ஓடுகிறது என்று காட்ட கோடில் வழியெல்லாம் பிரின்ட் வரிகள் போட்டுப் பார்த்ததில், எங்கள் செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும்போதுதான் சாகிறது என்று தெரிந்தது. அந்த ஃபைலை மட்டும் அவருக்கு அனுப்பியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியாக அழித்தேன். எல்லாவற்றையும் அழித்தும் செத்து விழுந்தது.

"ஃபைல்ல ஒண்ணுமே இல்லடா, இன்னும் செத்துக்கினே இருக்குது!" என்று கத்தினேன்.

நண்பன் எட்டிப் பார்த்தான். "ஆமாடா, ஒண்ணுமே இல்ல" என்றான்.

இருந்தது. உச்சியில், தமிழில், அவன் போட்ட 'ஸ்ரீ:'. கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சீட்டு வரை அதைப் போடாமல் அவன் வீட்டில் எதையும் எழுதத் தொடங்க மாட்டார்கள். இரண்டு பேருமே அதை ஒரு வரியாகக் கணக்கில் வைக்கவில்லை. விர்ச்சுவல் மெஷினோ ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் வைத்து ஓர் அட்டவணையில் இடம் தேடுகிறது. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதியதால், தமிழ் வந்ததும் எண் மைனஸில் போக, அட்டவணைக்கு வெளியே கையை விட்டுச் சாகிறது. இதற்கா இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்!

"மொதல்ல அத எடுத்துத் தொலைடா."

"எடுத்தா ஓடிடும். அப்புறம் தப்பு நம்மளுதுன்னு ஆயிடும்" என்றான் அவன்.

நியாயம்தான். அந்த ஒற்றை வரி ஃபைலை அப்படியே வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிடக்கூடப் போகவில்லை. பதில் வந்தது: 'இப்போது எனக்கும் விழுகிறது. மன்னிக்கவும், தவறு என்னுடையது.'

முகம் தெரியாத ஒருவரின் கம்ப்யூட்டரிலும் அது செத்ததற்காக நாங்கள் இருவரும் லேப் என்றும் பாராமல் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.