குறுக்குச் சுவருக்கு வந்த செங்கல்

ஆரணியில் மழை பிடித்துக்கொள்கிறது. கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து வெள்ளை அதிகாரி ஒருவன் விருந்துக்கும் நடனத்துக்குமாகக் கட்டிய நீண்ட கூடத்தில் நிற்கிறேன். நடுவே ஒரு தூணும் இல்லை. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பால் இறுக்கிய கூரை. ஒரு துளி ஒழுகவில்லை.

வீடு இப்போது பட்டு நெய்யும் சகோதரர் இருவருடையது. பாகத் தகராறில் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. கூடத்தை இரண்டாக மறிக்கச் செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. கொத்தனார் கரணையோடு காத்திருக்கிறார்.

தறியில் ஏற்றத் தெருநீளம் நீட்டியிருந்த பட்டு இழைகள், அந்தப் பாவு, நனையுமுன் உள்ளே வருகிறது. அண்ணன் ஒரு முனையைப் பிடிக்கிறார். மறுமுனைக்கு ஆளில்லை.

"இன்னா சேகரு, வேடிக்கை பாத்துகினு நிக்கிற?" என்று அண்ணி தம்பியை அதட்டுகிறார். "ஜல்தியா புடி. செவுரு வெச்சிட்டா, மழைக்குப் பாவை எங்க நீட்டுவ? உன் தலை மேலயா?"

தம்பி பிடிக்கிறார். இழைகள் தொய்கின்றன.

"இன்னும் பின்னால போடா," என்கிறார் அண்ணன்.

தம்பி பின்வாங்குகிறார். செங்கற்குவியல் காலில் இடறுகிறது. பாவை விடாமல் கொத்தனாரைத் திரும்பிப் பார்க்கிறார்.

"மேஸ்திரி, இந்தக் கல்ல எல்லாம் வெளிய எடுத்துப் போடுங்க."