மெலிட்டோனின் டோப்பா

நெக்ரோஸ் தீவின் மலைச்சரிவில் வள்ளிக்கிழங்கு பயிரிட்டு வந்த மெலிட்டோனுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே டோப்பா வாங்கி மாட்டிக்கொண்டவர், பதினான்கு வருடமாகத் தூங்கும்போதும் அதைக் கழற்றியதில்லை. மனைவி நெனிதாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

ஒரு காலையில் அவர் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது எதிரே ஓர் ஆண் காட்டுப்பன்றி வந்து நின்றது. முகமெல்லாம் மருக்கள். இணைசேரும் பருவம் என்பதால் பிடரிமயிர் நெடுக வளர்ந்து கண்ணை மறைத்துத் தொங்கியது. பின்னால் இரண்டு பெண்பன்றிகளும் உடம்பில் வரிபோட்ட குட்டிகளும் நின்றன. மெலிட்டோன் கொய்யா மரத்தில் பாய்ந்து ஏறினார். டோப்பா கீழே விழுந்தது.

டோப்பாவின் முடியைப் பார்த்து, வேறோர் ஆண்பன்றி போட்டிக்கு வந்துவிட்டதாகப் பன்றி நினைத்துக்கொண்டது. பிடரியைச் சிலிர்த்து, உடம்பு பெரிதாகத் தெரியும்படி பக்கவாட்டில் நின்று, வாயில் நுரைதள்ள உறுமியது. டோப்பா அசையவில்லை. பன்றி அதை மூன்று முறை சுற்றி வந்து பார்த்தது. அப்போதும் அசையவில்லை. இவ்வளவு நெஞ்சழுத்தக்காரனை அது கண்டதே இல்லை போலும். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த நெனிதா, டோப்பாவுக்குப் பயந்து பன்றி ஓடுவதைக் கண்டுவிட்டு மேலே பார்த்தாள். மெலிட்டோன் ஒரு கையால் கிளையையும் மறு கையால் தலையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இறங்குய்யா. உன் முடி ஜெயிச்சிருச்சு."

"உனக்கு... தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்கு மோதிரம் மாத்தும்போது தும்முனியே, அப்பவே அது நழுவிக் காதுக்கு வந்துருச்சு. பாதிரியாரே சிரிச்சாரு!"

மெலிட்டோனுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. மொட்டைத் தலையோடே வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து டொமிங் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, பன்னியெல்லாம் இப்ப என் பக்கம் வருது. அந்த முடிய ரெண்டு நாளைக்குக் குடுங்களேன்."