சார்லமேனின் கொடிவழி, பியோர்ண்டால் கிளை

மீன் பெட்டி மட்டை ஒன்றை விரித்து, அதன் உட்பக்கத்தில் பிராங்கிய அரசர்களின் கொடிவழியை நான் எழுதிக்கொண்டிருக்க, அண்ணை மறுமுனையை முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நோர்வேயின் வடமுனையில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலை விடுதியின் குசினி மேசை அது. எண்பதுகளின் கடைசி. வேலை நேரத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம். வேலை முடிந்தால் நான் நோர்வேஜிய மொழியில் வரலாற்றுப் பரீட்சைக்குப் படித்தேன். மட்டை சுருளாமல் பிடிப்பது அவர் பொறுப்பு. அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. ஒரே ஊர், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு, என்னைவிட ஆறு வயது மூப்பு. ஆனாலும் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கியது பனிக்குள் வந்த பிறகுதான்.

ஊரில் ஏன் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றில் அவர் வீட்டார் தண்ணீர் அள்ளியதில்லை. அள்ள விட்டதில்லை என்று எழுதுவதுதான் சரி. சாதி சாதிதான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். பாட்ஸ்பியோர்ட்டிலோ ஒரே சட்டியில் சோறு தின்றோம். நான் காய்ச்சலில் எட்டு நாள் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்ததும், என் வாந்தியைக் கழுவியதும் அவர்தான். அப்போது நான் யார், அவர் யார் என்று எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. வரவில்லை என்றுதான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று மட்டையைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. பெப்பின், கார்ல், மறுபடி பெப்பின், மறுபடி கார்ல். வேறு பெயரே கிடைக்கவில்லையா இவங்களுக்கு என்றார். பிறகு கேட்டார்: “தம்பி, இவங்கடை பழைய ஆக்கள் என்ன தொழில் செய்தவங்கள்?” அந்தக் கார்ல்களில் பெரியவனான சார்லமேனின் முன்னோர் அரசர்கள் அல்லர், அரண்மனைக் காரியக்காரர்கள் என்றேன். நீண்ட தலைமுடி வளர்த்த மெரோவிங்கிய அரசர்கள் பெயருக்குச் சிம்மாசனத்தில் இருக்க, ஆட்சியெல்லாம் காரியக்காரர் குடும்பத்தின் கைக்குப் போனது. கடைசியில் பெப்பின் என்பவன் பாப்பரசரின் சம்மதத்தோடு அரசனின் தலைமுடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே முடிசூடினான். அண்ணை மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “அப்ப வேலைக்காரன்தான் ராசாவாகினவன்!” என்றார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று யோசிக்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

பரீட்சை பாஸாகி, ஒஸ்லோவில் படித்து, உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியன் ஆனேன். எனக்கு ரொம்மனில் வீடு, அண்ணைக்குப் பியோர்ண்டாலில். நகரத்தின் இரண்டு முனைகள், இருந்தும் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு தவறாது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அந்தக் கொடிவழியைக் கரும்பலகையில் எழுதுவேன். எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெப்பின் குடும்பம் அரசாளத் தொடங்கிய பிறகு, எழுதத் தெரிந்த துறவிகள் உட்கார்ந்து அவர்களுடைய பரம்பரையைத் திருத்தினார்கள். பழைய அரசன் ஒருவனுக்குப் பிளித்தில்ட் என்று ஒரு மகளை உண்டாக்கி, அவளை இவர்களுடைய பாட்டன் வழியில் கட்டிவைத்தார்கள். அப்படி ஒருத்தி இருந்ததாக இன்று வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. ஒரு துளி அரச இரத்தத்துக்காக இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் கட்டிவைத்தவர்கள் என்று நான் சொல்ல, வகுப்பு சிரிக்கும். அண்ணையின் மகளும் என் வகுப்பில் இருந்து சிரித்தவள்தான்.

அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு தமிழ்ப் பையனை விரும்பினாள். ஒரு சனிக்கிழமை காலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பையனின் தகப்பன் எனக்குப் போன் எடுத்தார். விசாரணைதான், இதற்காகவே கண்டம் விட்டுக் கண்டம் போன் எடுக்கிற சனம் நாங்கள். பெண்ணின் படிப்பு, குணம் எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்கள் ஒரே ஊர்தானே, மாஸ்டர். அவை எங்கடை ஆக்கள்தானே?”

ஓம் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. “அவர் தங்கமான மனுசன்” என்றேன். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தால் என்ன அர்த்தம் என்பது எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் “விளங்குது, விளங்குது” என்று போனை வைத்தார். இரண்டு கிழமையில் சம்பந்தம் முறிந்தது.

வரலாறு படிப்பிக்கிறவன் பொய் சொல்லலாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் சும்மா கதை. உண்மை இதுதான்: அவர் “எங்கடை ஆக்கள்” என்று என்னையும் சேர்த்துச் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு கணம்தான். அந்தக் கணம் எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. ஒரு குடும்பத்தை உயர்த்த அந்தத் துறவிகள் முழுப் பொய் எழுதினார்கள். நானோ ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு குடும்பத்தைத் தள்ளி விழுத்தினேன்.

சம்பந்தம் முறிந்த அடுத்த ஞாயிறு அண்ணை வந்தார். பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை என்றார். ஆரோ சொல்லிப்போட்டாங்கள் என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்: “உன்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“இல்லை அண்ணை” என்றேன். யோசிக்கவே இல்லை. அவருக்காகச் சொல்ல வாய் வராத பொய் எனக்காக எவ்வளவு லேசாக வந்தது! அவரும் உடனே நம்பினார்.

போன வசந்தத்தில் அவளுக்குக் கல்யாணம், ஒரு நோர்வேஜியப் பையனோடு. பெண் வீட்டார் சார்பில் விருந்தில் நான் பேச வேண்டும் என்றார் அண்ணை. எங்களைப் பற்றி உன்னைவிட ஆருக்குத் தெரியும் என்றார். மறுக்க என்ன காரணம் சொல்வது? மாப்பிள்ளையின் தகப்பன் முதலில் பேசினார். முன்னோரைத் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. தன் குடும்பம் சார்லமேன்வரை போகிறதென்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். பிறகு நான் எழுந்து விடுதியைப் பற்றிச் சொன்னேன், காய்ச்சலைப் பற்றி, கஞ்சியைப் பற்றி. ஒரு சொல்லும் பொய்யில்லை. சனம் கை தட்டியது. அண்ணை கண்ணைத் துடைத்தார்.

பேச்சு முடிந்து வெளியே காற்றுக்குப் போனேன். மணப்பெண் பின்னால் வந்தாள்.

“மாமா, அவையள் உங்களுக்குத்தான் போன் எடுத்தவை எண்டு எனக்கு அப்பவே தெரியும். அந்தத் தமிழ்ப் பெடியன்தான் சொன்னவன்.” குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. “அப்பாட்டை நான் சொல்லேல்லை. இனியும் சொல்ல மாட்டன். உங்களை விட்டா அவருக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?”

அதற்குள் அண்ணை, மாப்பிள்ளையின் தகப்பனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்தார். இரண்டு குடும்பத்தையும் இனி ஒரே மரத்தில் எழுதப் போகிறாராம். அண்ணைக்குச் சகோதரர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார். அண்ணை என் தோளில் கையைப் போட்டு, தன் உடைந்த நோர்வேஜிய மொழியில், இவன்தான் என் தம்பி, எழுதுங்கள் என்றார்.

மனிதர் பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.