ஒலாஹ் என்றொரு பெயர்

என் தம்பி கெர்கெய் கோலோஷ்வார் நகரத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கி வந்த வருடமே, எங்கள் ஊர்த் திருச்சபைப் பள்ளியில் அவனுக்கு வாத்தியார் வேலை கொடுத்தார்கள். அவன் எழுதிய கட்டுரை ஒன்று பத்திரிகையிலும் வந்திருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதில் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சரியாக விரலை வைப்பேன்.

ஹங்கேரியோடு இருந்த எங்கள் பக்கம் ருமேனியாவின் கைக்குப் போய் அப்போது ஏழெட்டு வருடம். ஹங்கேரியப் பள்ளியில் யார் இருக்கலாம் என்பதையும் ருமேனிய அரசாங்கம்தான் முடிவு செய்தது. எங்கள் குடும்பப் பெயர் ஒலாஹ். எங்கள் ஹங்கேரியப் பேச்சில் அதற்கு ருமேனியன் என்றுதான் அர்த்தம். அதற்கு நாங்கள் என்ன செய்வது? ஊரில் எத்தனையோ ஒலாஹ்கள் உண்டு. ஒருவருக்கும் ருமேனிய மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது.

அறுவடை முடிந்ததும் பள்ளி அதிகாரி தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். பெயரைப் பார்த்தால் ருமேனியன், ஹங்கேரியப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் எடுக்கலாம் என்று விசாரணை. வராதே என்று தம்பி சொல்லியும் நான் கூடவே போனேன்.

அதிகாரி பக்கத்து ஊர் ருமேனியர். எங்கள் பேச்சு அவருக்கு நன்றாகவே வரும்.

“காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?”

“சோளக் களியும் பாலும்.”

“பாத்தீங்களா, எங்க வீட்டுச் சாப்பாடு!” என்று சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “களி எல்லார் வயித்துலயும்தான் இறங்கும் ஐயா. ஒலாஹ்ங்கறது வெறும் பட்டப்பேரு. எங்க பூட்டன் மலைக்கு அந்தப் பக்கம், ருமேனியாவுக்குப் போய் ஆடு வாங்கி ஓட்டிக்கிட்டு வருவாரு. ஊரு கேலியா அப்படிக் கூப்பிட்டுச்சு.”

தம்பி என் காலை மிதித்தான்.

“மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்தா வந்தாரு?”

“ஆமா, வருஷா வருஷம்!”

குமாஸ்தா எழுதினார். கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போடச் சொன்னார்கள். நேராக, அழுத்தமாகப் போட்டேன். பூட்டன் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர் என்று மட்டும் எழுதியிருந்ததைத் தம்பி பிறகுதான் சொன்னான். ஆடுகளைக் காணோம்.

“தப்பா ஒண்ணும் சொல்லலியேடா?” என்று வெளியே வந்து கேட்டேன்.

“இல்லக்கா. எல்லாம் உண்மைதான்.”

வேலை போயிற்று. ருமேனியன் என்று ஆகிவிட்டதே, அரசுப் பள்ளியிலாவது எடுப்பார்கள் என்று விண்ணப்பம் போட்டான். அங்கே மொழித் தேர்வு. குளிர்காலம் முழுக்க இலக்கணப் புத்தகத்தோடு கிடந்தான். ரொட்டிக்கடை மார்கித் வேறு, “என்ன ருமேனிய வாத்தியாரே, ரொட்டிக்கு உங்க பாஷையில என்ன பேரு?” என்று சீண்டுவாள். அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வருவான்.

பனி உருகும்போது கடிதம் வந்தது. மொழி போதவில்லை, வேலை இல்லை.

“நம்ம பள்ளிக்கூடத்துல நான் ருமேனியன், அரசுப் பள்ளிக்கூடத்துல ஹங்கேரியன்,” என்று கடிதத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை என்னிடம் நீட்டினான். “நான் யாருன்னு நீயே ஒரு குறி போட்டுக் குடுக்கா.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று அந்த வெள்ளைப் பக்கத்தில் நான் குறி போடவில்லை. அடுப்பில் களி அடிப்பிடித்தது. அதை அப்படியே இருவரும் தின்றோம்.