அடிப்பக்கத்தில் வெட்டிய பெயர்

என் அப்பா பேயாண்டி கடைசி எட்டு வருடங்களைப் பயத்தில் கழித்தார். தன் கையால் செய்த ஒரு ஜோடி இரும்பு எந்த ஊரில், யாருடைய வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாத பயம். தெருவில் பியட் கார் நின்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து முன் சக்கரத்தின் உள்பக்கம் பார்ப்பார். ஒருமுறை டவுன்ஹால் ரோட்டில் கார்க்காரர் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்பா கையைத் தட்டிவிடக்கூட இல்லை. "ஒரு நிமிசம் சார், பாத்துக்கிறேன். அப்புறம் அடிங்க" என்றார்.

போன மார்ச்சில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஐம்பத்தாறு வயது.

அவருக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. நிலம் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இல்லை. பதினாறு வயதில் டவுனுக்கு வந்து லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடித்தார். பிறகு பழங்காநத்தத்தில் சொந்தப் பட்டறை வைத்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதைப் பார்த்தே எந்தப் பக்கம் எந்தப் பட்டை களைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

1980 கடைசியில் கல்யாணராமன் என்பவர் பட்டறைக்கு வந்தார். பசுமலை வக்கீல் வீட்டுப் பிள்ளை, மில்லில் வேலை, கார்ப் பந்தயத்தில் பைத்தியம். தன் பியட்டின் என்ஜினைச் சென்னையில் கொடுத்து வேகம் ஏற்றி வைத்திருந்தார்.

"நேர் ரோட்ல அம்பு மாதிரி போறது, பேயாண்டி. வளைவுல மட்டும் படகு."

"என்ஜினுக்கு மட்டும் தீனி போட்டீங்க. காலு பழைய காலுதானே தம்பி."

"புதுக் கால் பண்ண முடியுமா?"

"வண்டிய ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க."

"ஒரு மாசமா? ஸ்யாமளா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அப்ப நீங்களும் வண்டியோட இங்கயே படுத்துக்கங்க" என்றார் அப்பா.

சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைப்பவை மேலும் கீழுமாக இரண்டு இரும்புக் கைகள். மெக்கானிக்குகள் ஆர்ம் என்பார்கள். கீழ் ஆர்மின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். முன்பக்கத்துப் பாரம் முழுவதும் அதில்தான் இறங்கும். வளைவில் வண்டி சாயும்போது சக்கரமும் சேர்ந்து சாய்ந்தால் டயரின் ஓரம் மட்டுமே ரோட்டைப் பிடிக்கும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் டயர் தட்டையாக நிற்கிற மாதிரி ஆர்மின் நீளத்தையும் கோணத்தையும் மாற்ற வேண்டும் என்பது அப்பாவின் யோசனை.

டயரின் குறுக்கே சுண்ணாம்பு பூசி, காய்ந்த கண்மாய்க்குள் வண்டியை வட்டமடிக்கச் சொல்வார். சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறது, எங்கே மிச்சமிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து அட்டையில் ஆர்மை வெட்டி, குண்டூசி குத்தி, மேலும் கீழும் ஆட்டுவார். நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கிராப் தாளில் வரைந்து நானும் நீளத்தைக் கணக்கிட்டேன். அவருடைய அளவுக்கும் என்னுடையதற்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்தது. என் கூட்டலில் பிழை.

பழைய லாரியின் ஆக்சில் தண்டைக் காய்ச்சி அடித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கீழ் ஆர்ம் செய்தார். நல்ல இரும்பு. கடைசியாக அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்க வேண்டும்; தண்ணீரில் முக்கினால் சட்டென்று குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும் என்பார். அதற்கு முந்தின நாள், மேஜைமேல் கிடந்த இரண்டு ஆர்ம்களையும் பார்த்து நான் சொன்னேன்: "கல்யாணத்துக்குக் குடுக்குற குடத்துலகூட பேரு வெட்டுறோம். இம்புட்டு உழைச்சிருக்கீங்க, உங்க பேரு எங்கப்பா?"

அம்மா சீனியம்மாளும் சேர்ந்துகொண்டாள். "அதானே. டம்ளருக்கு இருக்குற மதிப்பு இதுக்கு இல்லையா?"

புதுமண்டபத்துப் பக்கம் பாத்திரங்களில் பெயர் வெட்டும் கண்ணுச்சாமியைக் கூட்டிவந்தார்கள். அவர் ஆர்மைத் தூக்கிப் பார்த்தார்.

"குடம்னு நெனச்சு வந்தேன். என்னண்ணே இது, பூதத்தோட தொடையெலும்பா?"

"பேசாம வெட்டுய்யா. அடிப்பக்கத்துல வெட்டு. அடுத்த மெக்கானிக்கு வண்டிக்கு அடியில படுக்கறப்ப மூஞ்சிக்கு நேரா தெரியணும்."

சின்ன உளி, சின்னச் சுத்தியல். புள்ளி புள்ளியாக 'பேயாண்டி, மதுரை'. ஆர்ம் தடிமன் என்பதால் கண்ணுச்சாமி பாத்திரத்துக்கு வெட்டுவதைவிட ஆழமாக வெட்டினார். மறுநாள் அப்பா அதை இறுக்கினார்.

கொடைக்கானல் மலைப்பாதையில் அந்த வண்டி ஓடியதைப் பார்த்தவர்கள், தண்டவாளத்தில் போவது போல இருந்தது என்றார்கள். தேனியிலிருந்து ஒருவர், விருதுநகரிலிருந்து ஒருவர், அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பருத்தி வியாபாரி என்று மூன்று பேர் தேடி வந்து கேட்டார்கள். மொத்தம் நான்கு ஜோடி. எட்டு ஆர்ம். எட்டிலும் பெயர்.

1981 செப்டம்பரில் வகுப்பில் உலோகப் பாடம் நடத்தினார்கள். இரும்பு ஒரே அடியில் உடைவது குறைவு; லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஆட்டங்களில், ஏதாவது ஒரு கீறலிலிருந்து விரிசல் தொடங்கி, மயிரிழை மயிரிழையாக உள்ளே போய், ஒருநாள் மிச்சமுள்ள பாகம் பட்டென்று முறியும் என்று ஆசிரியர் சொன்னார். இறுக்கிய இரும்பில் அது இன்னும் மோசம். இழுபடும் பக்கத்தில் கீறல் இருக்கவே கூடாது. புத்தகத்தில் முறிந்த தண்டு ஒன்றின் படம் இருந்தது. விரிசல் தொடங்கிய இடத்தில் யாரோ எண் பொறித்திருந்தார்கள்.

ஸ்பிரிங் மேலிருந்து அழுத்த, ஆர்மின் அடிப்பக்கம்தான் இழுபடும். கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை.  மதியமே வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினேன்.

அப்பா படத்தைப் பார்த்தார்.  கல்யாணராமன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர் மனைவியோடு கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கொடைக்கானலுக்குக் கிளம்பினார் என்று பதில் வந்தது. ஸ்யாமளாவுக்கு ஐந்தாவது மாதம்.

பட்டறையில் ரிப்பேருக்கு நின்ற ஒரு அம்பாசடரை எடுத்தார். கல்யாணராமன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஆர்ம்கள் மூலையில் கிடந்தன. அவற்றையும் ஜாக்கியையும் பின்னால் போட்டார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வத்தலக்குண்டில் நிறுத்தினார். அங்கே காபிக் கடைகளில் விசாரித்தோம். கல்யாணராமனின் பச்சை பியட் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டது.

மலை ஏறத் தொடங்கியதும் அப்பா ஒவ்வொரு வளைவிலும் ரோட்டைப் பார்ப்பதற்கு முன் பள்ளத்தைப் பார்த்தார். ஓரிடத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, விளிம்பில் போய் நின்றார். சுவரின் உடைந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. பழைய இடிபாடு. திரும்பி வந்தவருக்குச் சாவியைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் போட்டுத் திருப்பினேன்.

டம்டம் பாறையில் பச்சை வண்டி நின்றிருந்தது. என்ஜின் சூடாகிவிட்டதால் ஆறப் போட்டிருந்தார்கள். ஸ்யாமளா முன் சீட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

"எறங்குங்கம்மா" என்றார் அப்பா. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"என்ன பேயாண்டி, இவ்வளவு தூரம்?" என்று கல்யாணராமன் சிரித்தார். "வண்டி அமர்க்களமா வந்தது. கைய விட்டே ஓட்டலாம் போல."

"அம்மாவ எறங்கச் சொல்லுங்க தம்பி."

சக்கரத்தைக் கழற்றி, அடியில் படுத்து, ஆர்மைத் துடைத்தார். பெயர்மேல் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். காத்திருந்தோம். கல்யாணராமனும் குனிந்து பார்த்தார்.

'யா'வின் காலிலிருந்து ஈரக் கோடு ஒன்று மெல்ல வந்தது. ஆர்மின் ஓரம் வரைக்கும் வந்தது. பிறகு ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறியது.

கல்யாணராமன் நிமிர்ந்தார். பிறகு, "இன்னும் எத்தனை வளைவு தாங்கியிருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன். உண்மையாகவே அதைக் கணக்கிட வழியில்லை.

அப்பா ரோட்டோரத்திலேயே இரண்டு பக்கமும் பழைய ஆர்ம்களை மாட்டினார். கழற்றியவற்றைத் தூக்கி அம்பாசடரின் பின்னால் போட்டார்.

அந்த வாரத்திலேயே தேனி, விருதுநகர் வண்டிகளையும் பிடித்துவிட்டோம். ஒன்றில் விரிசல் தொடங்கியிருந்தது. அருப்புக்கோட்டை வியாபாரி மட்டும் வண்டியை விற்றிருந்தார். வாங்கிய தரகர் இராமநாதபுரம் பக்கம் யாருக்கோ கைமாற்றியிருந்தார். பேர் ஞாபகமில்லை என்றார். வண்டி நம்பரை வியாபாரியும் எழுதிவைக்கவில்லை, தரகரும் எழுதிவைக்கவில்லை.

இராமநாதபுரம் பக்கம் எத்தனை பட்டறைகளின் விலாசம் கிடைத்ததோ அத்தனைக்கும் நான் கார்டு எழுதினேன். 'பியட் காரின் கீழ் ஆர்மில், அடிப்பக்கம், பேயாண்டி மதுரை என்று பெயர் வெட்டியிருந்தால் வண்டியை ஓட்ட விடாதீர்கள். உடனே தகவல் தரவும்.' ஒரு பதிலும் வரவில்லை.

அதன்பிறகு அப்பா காலையில் பேப்பர் வந்ததும் விபத்துச் செய்திகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வார். கார் என்று வந்தால், "என்ன காருன்னு போட்டிருக்கான் பாரு, ஆத்தா" என்பார். போடாமல் விட்டிருந்தால் அன்று சாப்பிடமாட்டார். அம்மா பேப்பரை ஒளித்துவைக்கத் தொடங்கினாள். டீக்கடையில் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மானாமதுரை அருகே ஒரு கார் புளியமரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள் என்ற செய்தி வந்த அன்றே பஸ் ஏறிப் போய், காவல் நிலையத்துக்குப் பின்னால் கிடந்த வண்டியின் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். அது வேறு வண்டி. வந்தவர் முகத்தில் நிம்மதி இல்லை. "வேற வண்டிதான். ஆனா மூணு பேரு செத்துட்டாக" என்றார்.

பெயர் இல்லாமல் மறுபடி ஒரு ஜோடி செய்து தரும்படி கல்யாணராமன் பலமுறை கேட்டார். அப்பா செய்யவில்லை. ஸ்பிரிங் பட்டை மட்டும் அடித்தார்.

என்னிடம் ஒருநாளும், நீ சொல்லித்தானே வெட்டினேன் என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பகல் ஒருவர் வந்தார். பெயர் மலைச்சாமி, பரமக்குடியில் பட்டறை என்றார். அப்பா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீதான் அந்தக் கார்டு எழுதுன பிள்ளையா?"

"ஆமாண்ணே."

"கார்டு எனக்கு வந்துச்சு ஆத்தா. பேரு வெட்டுன ஆர்முன்னு எழுதியிருந்த. எங்கிட்ட வர்ற வண்டியில பேரு இல்லையேன்னு விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"இருந்துச்சு. எண்பத்தொண்ணு ஆடியில அந்த வண்டி மொதமொத வந்தப்ப இருந்துச்சு. வண்டிக்காரரு, யாரு மெக்கானிக்கு, இப்பிடி ஓடுதுன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்லிப்புட்டேன். பெறகு பேரு இருந்தா எப்பிடி? அரத்தப் போட்டு ராவி, எமரித் தாளு வச்சு வழவழன்னு தேச்சுட்டேன். ஒரு புள்ளி தெரியாது." அவர் குரல் இறங்கியது. "கார்டு வந்ததும் வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு."

"வண்டி இப்ப எங்க?"

"ஓடுது. அதே ஆளு, அதே ஆர்மு. ஒரு குறையும் இல்ல."

விரிசல் தொடங்குவதற்கு முன்பே கீறலை அழித்துவிட்டார். வழவழப்பான இரும்பில் விரிசல் தொடங்க இடமில்லை. அப்பாவின் ஆர்ம் எட்டு வருடங்கள் ஓடியிருக்கிறது, இன்னும் ஓடும். இவர் ஒரு கார்டு, இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், அப்பாவின் பயம் தீர்ந்திருக்கும். நான் அவரைத் திட்டவில்லை. அம்மா உள்ளே இருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

"நல்ல அளவும்மா அது" என்றார் மலைச்சாமி. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்திருக்க வேண்டும். "அதப் பாத்துத்தான் நானும் அடிச்சேன். வந்தவுக எல்லாரும் மெச்சுனாக."

"எத்தனை அடிச்சீங்க?"

"பதினோரு ஜோடி இருக்கும்."

"எந்த இரும்புல?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "கெடச்சதுலதான். பழைய பட்டை, பழைய தண்டு..."

"காய்ச்சி எதுல முக்குனீங்க?"

"தண்ணியிலதான். அதுக்கென்ன?"

பையிலிருந்து டைரியை எடுத்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். "மொத ஆளு பேரு சொல்லுங்கண்ணே. ஊரும் சொல்லுங்க."

சொன்னார். எழுதினேன். இரண்டாவது சொன்னார். மூன்றாவதுக்கு ஊர் மட்டும் தெரிந்தது. நான்காவதில் நின்றுவிட்டார். தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தார்.

"வெள்ள வண்டி. ஆளு பேருதான் வரமாட்டேங்குது, ஆத்தா."

"உக்காருங்க. யோசிங்க" என்றேன்.

இந்தத் தடவை உட்கார்ந்தார்.