கட்டை விரல் குழி

போன வாரம் டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அந்த டாக்டர் பிள்ளைக்கு அது நீர் வீக்கம், அவ்வளவுதான். எனக்கோ எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரின் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் நானும்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிரெசரே துரை. புண்ணுக்கு மருந்து கட்டப் படித்த ஆள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நடை இருக்கிறதே, அப்பப்பா! நாங்கள் சாக்கை உடுத்திக்கொண்டு நின்றபோது அவர் வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று ஆம்பிளைகளுக்குக் கால் வீங்கிப்போனது. அந்த வீக்கத்திலும் ஒரு நன்மை இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தவர்கள், காலை அழுத்திப் பார்த்துக் குழி விழுந்தவனை ஒதுக்கிவிட்டார்கள். அப்பா இரண்டு தடவை அப்படித்தான் தப்பித்தார்.

மூன்றாம் தடவை ஆள் போதவில்லை. நம்ம டிரெசர் மகராசனின் மூளையைப் பாருங்கள்! வீங்கினவர்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு, "தண்ணிய எறக்கிட்டா சரியாப் போயிடும்லா" என்று சொல்லி, துரை காலத்தில் மிஞ்சிய ஊசியைப் போட்டார். ஊசி தீர்ந்ததும் பூனைமீசை இலைக் கஷாயம். இலை பறித்ததும் காய்ச்சியதும் நான்தான், பெரிய சேவை செய்கிற நினைப்பில். அப்பா நாள் முழுக்க ஒண்ணுக்குப் போக ஓடிக்கொண்டே இருந்தார். நாலைந்து நாளில் கால் வற்றிக் குச்சியாகிவிட்டது. நாக்கு வறண்டது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. டிரெசரிடம் போய்ச் சொன்னேன். "மருந்து வேலை செய்யுது, போ" என்றார், தலையைக்கூடத் தூக்காமல்.

பிற்பாடு நான் நர்ஸ் வேலைக்குப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மாதிரி மருந்து சிறுநீரகம் வழியாக உடம்பு உப்பை வெளியே தள்ளும். உப்பு போகிற வழியில் தண்ணீரும் போகும். இருதயம் தளர்ந்தவர்களுக்கு, மூச்சுக்குத் திணறுகிறவர்களுக்கு அது உயிர் கொடுக்கும். ஆனால் அப்பாவுக்கு வந்தது சத்தில்லாத வீக்கம். தண்ணீர் இறங்கியதே தவிர, நோய் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. உடம்பில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சச் சத்தும் சிறுநீரோடு போயிருக்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கால் லேசானதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இருந்த ஒரே சேவலைக் கொண்டுபோய் டிரெசரிடம் கொடுத்தார். வெட்கம் கெட்ட மனுசன் அதையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை லாரி வந்தது. ஜப்பான்காரனுக்கு முன்னால் டிரெசரே குனிந்து அப்பாவின் காலை அழுத்திக் காட்டினார். குழி விழவில்லை. "இவன் போலாம்" என்றார். "ஐயா புண்ணியத்துல கால் நல்லாயிடுச்சு புள்ள, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டு, யாரும் பிடித்துத் தள்ளாமலே அப்பா லாரியில் ஏறினார். திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்ததும் டிரெசர் அதே கால்சட்டையோடு புதுத் துரைக்குக் குட்மார்னிங் சொன்னார். நான் நேருக்கு நேர் கேட்டேன். "நான் வைத்தியந்தானே பார்த்தேன்?" என்றார். தூ! அவரைத் திட்டும்போதெல்லாம் அந்த இலையைக் காய்ச்சிய என் கையையும் சேர்த்தேதான் திட்டிக்கொள்கிறேன்.

இந்த டாக்டர் பிள்ளை நல்ல பிள்ளை. "தண்ணி மாத்திரை தர்றேன்மா. தசை இழுத்தா, தலை சுத்தினா உடனே வாங்க. ரத்தத்துல உப்பு குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு வாரத்துல குழி மறைஞ்சிடும்" என்றார். காலைப் பார்த்தேன். குழி இன்னும் முழுசாக நிரம்பவில்லை.

"மறைஞ்சா என்னை எங்க தம்பி அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வேற எங்கம்மா? வீட்டுக்குத்தான்."