உப்புத்தூண் வாசித்த கிழமை

நான் யூதப்பெண் என்று சொன்னால் மோர்னிங்சைட் தமிழ்க்கடையில் நிற்கிற சனம் இன்றைக்கும் என்னை ஏற இறங்கப் பார்க்கும். பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், ரொறன்ரோவில் ஒரு யூதரை விரும்பி, அவரைக் கட்டுவதற்கு முன்பே படித்துத் தண்ணீரில் மூழ்கி எழுந்து மதம் மாறினவள். அம்மா அதற்கு அழவும் இல்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை. "உங்கட சாமியும் விரதம் கேக்கிறவர்தானே, பிறகென்ன" என்றதோடு சரி.

எங்கள் ஜெபாலயத்தில் எங்கள் வேதமான தோராவைக் கிழமைக்கு ஒரு பகுதியாக வாசிப்போம். இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிய வருஷ வாசிப்பும் முடியும், உடனேயே முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கும். வாசித்த பிறகு அந்தப் பகுதியைப் பற்றி யாராவது ஒருவர் பேசவேண்டும். அந்த முறை அது எனக்கு வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்தச் சனத்துக்கு நடுவில் நானும் ஒரு ஆள்தான் என்று அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்ற பேராசை எனக்கு. அம்மா கந்தசஷ்டி விரதமிருந்து பாறணை முடித்து மறுகிழமை, இன்னும் வாடிப்போன முகத்தோடு, நீலச்சேலை உடுத்து மூன்றாவது வரிசையில் இருந்தார்.

எனக்கு விழுந்த பகுதியில் சோதோம் நகரம் எரிகிறது. தப்பியோடுகிற லோத்தின் குடும்பத்துக்குத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கட்டளை. லோத்தின் மனைவி பார்த்துவிடுகிறாள், உப்புத்தூணாகிவிடுகிறாள். பாவம், அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

என்னிடம் அதற்கென்றே ஒரு கதை இருந்தது. கல்யாண வீடுகளில், வேலையிடத்து விருந்துகளில் நான் நூறுதரம் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்த கதை. சண்டைக்குள் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நேரம், எனக்கு ஏழு வயது. ஊரே றோட்டில் நடக்கிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கிறார். ஏனம்மா பார்க்கிறீங்கள் என்று கேட்டால், "பிரிஜ்ஜைப் பூட்டினனானோ எண்டு பாக்கிறன்" என்கிறார். கரண்ட் இல்லாமல்போய் வருஷக்கணக்காகிவிட்ட ஊர்! எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜுக்குள் மாவும் பழைய பத்திரிகையும்தான் இருந்தன.

மைக்கின் முன்னால் நின்று அதை ஆங்கிலத்தில் சொன்னேன். திரும்பிப் பார்க்கிறவர்களுக்குப் பொருள்களில் உள்ள பற்று எப்படிப்பட்டது என்று விளக்கமும் கொடுத்தேன். லோத்தின் மனைவி எதைப் பூட்டாமல் வந்தாளோ என்று கேட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கி வரும்போது "உன் பலம் பெருகட்டும்" என்று எங்கள் வழக்கப்படி வாழ்த்தி ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள். ஒரு கிழவர் அம்மாவிடமே போய், பிரிஜ் நலமா என்று விசாரித்தார். அம்மா சிரித்தார். பிறகு, ஜெபம் முடிந்து மேசையில் வைத்திருந்த பின்னிச் சுட்ட பாணில் ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் நின்றார்.

ஓய்வுநாளில் கார் ஓடக்கூடாது. எங்கள் ஜெபாலயத்தில் பாதிப்பேர் காரில்தான் வருவோம், நானும் அதில் சேர்த்தி. அம்மாவை வீட்டில் விடப் போகும்போது, வாழ்த்து வாங்கிய வாய் சும்மா இருக்குமா?

"எப்பிடியம்மா இருந்தது?"

"நல்லாக் கதைச்சனீ. சனம் சிரிச்சுது."

கொஞ்சத் தூரம் போனபிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார். "நான் பிரிஜ்ஜைப் பாக்கேல்லைப் பிள்ளை. கொப்பர் வாறாரோ எண்டு பாத்தனான்."

அப்பா அன்றைக்கு, "நீங்கள் நடவுங்கோ, நான் சைக்கிளில பின்னால வாறன்" என்று சொல்லி நின்றவர். வரவேயில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? எல்லாம் தெரியும். அப்பா வராததும் தெரியும், அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க இத்தனை வருஷமாக இந்த மண்டைக்கு முடியவில்லை. பெரிய படிப்பாம், விளக்கமாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏனம்மா சொல்லேல்லை? நான் எத்தினை இடத்தில உந்தக் கதையைச் சொல்லியிருக்கிறன்!"

"நீ பயந்துபோய்க் கேட்டனீ. வாய்க்கு வந்ததைச் சொன்னன். நீ சிரிச்சனீ. சிரிச்சுக்கொண்டே நடந்தனீ. அது காணும் எண்டு விட்டிட்டன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா "சரி, றோட்டைப் பாத்து ஓடு" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை, திருப்பிக் கேட்க எனக்கு முகமும் இல்லை. பாவமன்னிப்பு நாளன்று இரவும் பகலும் பட்டினி கிடந்து நெஞ்சில் அடித்துக்கொண்டவள் நான். அந்தப் பண்டிகை போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அம்மாவின் கட்டடத்து வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கப் போனவர், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி கேட்டார்.

"அந்த உப்பாப்போன மனிசிக்குப் பிள்ளையள் இருந்தவையோ?"

இருந்தார்கள். அதுதான் கொடுமை. பேச்சுக்கு ஆயத்தம் செய்தபோது அதையும் வாசித்திருந்தேன். கலியாணம் கட்டிய மகள்மார் அந்த ஊரிலேயே நின்றுவிட்டார்கள், அவர்கள் பின்னால் வருகிறார்களா என்று பார்க்கத்தான் அந்தத் தாய் திரும்பினாள் என்று எங்கள் பழைய ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாசித்தேன், நல்லாயிருக்கிறது என்று நினைத்தேன், வெட்டிவிட்டேன். அதைச் சேர்த்தால் பிரிஜ் கதை எடுபடாது.

"ஓமம்மா" என்றேன். "ரெண்டு பேர் அவளோட நடந்தவை. மற்றவை பின்னுக்கு நிண்டிட்டினம்."

அம்மா என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"அப்ப ஏன் உங்கட சனம் சிரிச்சது?"